டூப்ளெக்ஸ் வீட்டில் டாஷண்ட்: கூண்டு வேண்டாம், தரையைக் கவனியுங்கள்

கேள்வி: கோவையில் டூப்ளெக்ஸ் வீடு கட்டுகிறோம். பூச்சு வேலை நடக்கிறது. டைல்ஸ் இன்னும் வாங்கவில்லை. எங்களிடம் நான்கு வயது டாஷண்ட் (நீள உடலும் குட்டைக் கால்களும் கொண்ட நாய்) இருக்கிறது. போர்டிகோவில் அதற்கொரு கூண்டு கட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: கூண்டுக்கு ஒதுக்கிய பணத்தைத் தரைக்குப் போடுங்கள். உங்கள் காலடியிலேயே படுத்துப் பழகிய நாய் போர்டிகோவில் தங்காது. அந்தக் கூண்டு கடைசியில் செருப்பு வைக்கத்தான் பயன்படும்.

டாஷண்டுக்கு முதுகுதான் பலவீனம். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் இந்த இனத்தில் இளவயதிலேயே இறுகத் தொடங்கும். அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால்கள் செயலிழக்கலாம். நம் வீட்டுப் படி ஒவ்வொன்றும் 6, 7 அங்குல உயரம். டாஷண்டின் தோளே தரையிலிருந்து 8, 9 அங்குலம்தான். ஒவ்வொரு படியும் உங்கள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தால் எப்படி ஏறுவீர்கள்?

படியின் உயரத்தை இனி மாற்ற முடியாது. கீழும் மேலும் சின்னதாக ஒரு கேட் போடுங்கள். மாடிக்குக் கூட்டிப்போக வேண்டுமானால் ஒரு கையை மார்புக்கு அடியிலும் மற்றதைப் பின்பக்கத்திலும் கொடுத்துத் தூக்குங்கள். சோபாவிலிருந்து குதிப்பதும் கெடுதல்தான். 18 அங்குல சோபாவுக்கு நாலரை அடி நீளத்தில் சரிவுப் பலகை செய்து, மேலே கயிற்றுப் பாய் ஒட்டிவிடச் சொல்லுங்கள். ஜப்பானிய வடிவமைப்பாளர் கென்யா ஹரா, கட்டடக் கலைஞர்களை நாய்களுக்காக வடிவமைக்க வைத்த திட்டம் ஒன்று 2012-இல் வெளிவந்தது. அதில் டோக்கியோவின் அட்லியே பவ்-வாவ் நிறுவனம் டாஷண்டுக்குச் செய்ததும் சரிவுதான்.

தரைக்குப் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். திரும்பும்போது பின்னங்கால்கள் அகன்று சறுக்கும். அந்த முறுக்கல் முதுகில்தான் இறங்கும். மேட் பினிஷ் எடுங்கள். கடையிலேயே ஒரு டைலை நனைத்து, கீழே வைத்து வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் மீது ஆசை இருந்தால் பூஜையறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடக்க நடக்க மெருகேறி வழுக்கும். நாய்க்கு நீளமுடி என்றால் பாதத்தின் அடியில் வளரும் முடியையும் வெட்டிவிட வேண்டும்.

குளிப்பாட்ட, பின்வாசலில் ஒரு குழாயும் கைஷவரும் போதும். தண்ணீர் வடியும் ஜாலி மூடியின் துளை மட்டும் நகம் மாட்டாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும்.

பெயின்டர் வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து கீழே விழுந்து, சுவரேறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதன்பின் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுத் தீராது. ஸ்கர்ட்டிங்கின் (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) மேல் விளிம்பு, கதவு நிலையை ஒட்டிய சந்து, ஸ்விட்ச் பாக்ஸின் ஓரம் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் இடுக்குகளுக்கு வெள்ளைச் சிமெண்டுக்குப் பதில் ஈரம் உறிஞ்சாத எபாக்ஸிப் பூச்சு போட்டால் மூத்திரம் ஊறி நாறாது. கூடுதல் செலவுதான். வீடு முழுவதற்கும் கட்டுப்படியாகாவிட்டால் நாய் படுக்கும் அறைக்கும் பின்வாசலுக்கும் மட்டுமாவது போட்டுவிடுங்கள்.