ஆன்லைன் கடைக்காரர்கள் 'ஸ்டாக் இருக்கு' என்று சொல்லி 3 வாரம் இழுக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செயினை ஆன்லைனில் வாங்கலாமா? 420 அளவுச் செயினுக்குப் பதில் 428 போடலாமா?

வாங்கலாம், ஆனால் அளவு எண்ணை மாற்றாதீர்கள். பழைய செயினின் பக்கத் தகட்டைத் துடைத்தால் எண் தெரியும். இரண்டுக்கும் ஒரு பின்னிலிருந்து (pin) அடுத்த பின் வரை இடைவெளி அதே 12.7 மி.மீ. என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள் அகலம் 420-இல் 6.35 மி.மீ., 428-இல் 7.94 மி.மீ., ஆக ஸ்ப்ராக்கெட்டையும் (செயின் ஓடும் பற்சக்கரம்) சேர்த்து மாற்ற வேண்டிவரும். கண்ணிகளையும் எண்ணிக்கொள்ளுங்கள், கூடினால் வெட்டலாம்.

அப்புறம் நாள் கணக்கு. "பொருள் கையில் இருக்கிறதா, இல்லை நான் பணம் கட்டிய பிறகுதான் தாய்லாந்திலிருந்து வரவழைப்பீர்களா?" என்று நேராகக் கேட்டு, இன்றைய தேதி எழுதிய தாளைப் பெட்டிமேல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எனக்கு 3 நாளில் வரும் என்ற கடைக்காரர், படம் கேட்டதும் "அடுத்த மாதம் வரும் பாஸ்" என்றார்.