டாக்கா எல்.சி., கொழும்பு மிளகு, நேபாளத்துக்குச் சம்பளம்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

டாக்காவுக்கு பம்ப் உதிரிபாகம் அனுப்புகிறோம். எல்.சி.யில் (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) ‘ஏ.சி.யு. டாலர்’ என்று போட்டிருக்கிறார்கள். இது சாதாரண டாலர்தானா? பணத்துக்கு இரண்டு மாதம் ஆகும் என்கிறார்களே? (பீன்யா)

மதிப்பில் இரண்டும் ஒன்றுதான், பணம் வருகிற வழி வேறு. ஏ.சி.யு. என்பது 1974இல் தொடங்கிய ஆசியத் தீர்வு ஒன்றியம், தலைமையகம் டெஹ்ரான். உறுப்பு நாடுகளின் மத்திய வங்கிகள் ஒவ்வொரு சரக்குக்கும் டாலரைத் தூக்கிக் கொடுப்பதில்லை. கணக்கு எழுதிவைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவையும் செலவையும் கழித்துக்கொள்கின்றன. வங்கதேசம் மற்ற எல்லோருக்கும் சேர்த்து 100 தரவேண்டும், 70 வரவேண்டும் என்றால், கையை விட்டுப் போவது 30 மட்டுமே. நிலுவைக்கு வட்டி உண்டு.

அந்த இரண்டு மாதம் மத்திய வங்கிகளின் பாடு, உங்கள் பாடு அல்ல. டாக்கா வங்கி இங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் ஏ.சி.யு. டாலர் கணக்கில் பற்று எழுதியதும் உங்களுக்கு ரூபாய் வந்துவிடும்.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். எந்த வங்கியிடம் பணம் பெறுவது என்று சொல்லும் எல்.சி.யின் ‘ரீஇம்பர்ஸ்மென்ட்’ வாசகத்தில் பழக்கதோஷத்தில் ஏதாவது நியூயார்க் வங்கியின் பெயரைப் போட்டுவிடுவார்கள். ஏ.சி.யு. கணக்கும் சாதாரண டாலர் கணக்கும் தனித்தனி. ஒன்றில் வரவேண்டியதை மற்றொன்றில் வாங்க முடியாது. திருத்தம் வரும்வரை பணம் நிற்கும். சரக்கு லாரி ஏறுவதற்கு முன்பே அந்த வாசகத்தைப் படித்துவிடுங்கள். இன்னொன்று: எல்.சி. திறந்த வங்கி கணக்கில் டாலர் போடாவிட்டால் ஏ.சி.யு. ஒன்றும் செய்யாது. அந்த வங்கி மேல் சந்தேகம் இருந்தால், இன்னொரு வங்கியும் பணத்துக்குப் பொறுப்பேற்கும் கன்ஃபர்ம்ட் எல்.சி. கேளுங்கள். கமிஷன் கூடத்தான் ஆகும்.

கொழும்புக்கும் இதே வழிதானா? (ராஜாஜிநகர்)

இல்லை. இலங்கையிடம் டாலர் வற்றிப்போய் ஏ.சி.யு. பாக்கி தள்ளிக்கொண்டே போனது. 2022 ஜூலை 8 அன்று ரிசர்வ் வங்கி இலங்கை வணிகத்தை ஏ.சி.யு.வுக்கு வெளியே தீர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. பழைய எல்.சி. மாதிரியை அப்படியே கொழும்புக்கு நகல் எடுக்காதீர்கள்.

வங்கதேசத்துடன் ரூபாயிலேயே வணிகம் என்று 2023 ஜூலையில் ஆரம்பித்தார்களே, டாலரை விட்டுவிடலாமா? (ஜாலஹள்ளி)

முழுக்க முடியாது. 2022-23இல் நாம் அங்கே விற்றது சுமார் 1,200 கோடி டாலருக்கு, வாங்கியது சுமார் 200 கோடிக்கு. நமக்கு விற்றால்தானே அவர்கள் கையில் ரூபாய் சேரும்? மீதி 1,000 கோடிக்கு டாலர்தான். ரூபாய் வணிகம் எங்கே பேசினாலும் முதலில் இந்த வித்தியாசத்தைப் பாருங்கள். மேடைப் பேச்சில் அது வராது.

ஆசியான் நாடுகள் மாதிரி நாமும் பெரிய அவசர நிதி வைத்தால் என்ன? (மாணவர், அல்சூர்)

அவர்கள் சீனா, ஜப்பான், கொரியாவுடன் சேர்ந்து வைத்திருக்கும் சியாங் மாய் அவசர நிதி ஏற்பாட்டின் அளவு 24,000 கோடி டாலர். ஒரு நாட்டுக்குத் தன் பங்கில் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டுமானால் ஐ.எம்.எஃப். (பன்னாட்டு நாணய நிதியம்) திட்டம் வேண்டும். அந்தப் பெயரே அங்கே பலருக்கு அலர்ஜி. நிதியைத் தொட ஆளில்லை. 2008இல் கொரியா போய் நின்றது அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வாசலில். 2012இல் வந்த நம் சார்க் சுவாப், அதாவது சார்க் நாடுகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் அவசர நாணயப் பரிமாற்ற வசதி, டாலரில் வெறும் 200 கோடிதான், ஆனால் புழக்கத்தில் இருக்கிறது. 2024 அக்டோபரில் மாலத்தீவுக்கு 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் ஒப்புக்கொள்ளப்பட்டன.

இலங்கை மிளகு வரியில்லாமல் வருமாமே? (யஷ்வந்த்பூர் மண்டி)

இந்தியா-இலங்கை வணிக ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரை. ஆனால் மிளகு இலங்கைக் கொடியில் காய்த்ததாக இருக்க வேண்டும். வியட்நாம் மிளகுக்கு கொழும்பில் சாக்கு மாற்றினால் அது இலங்கை மிளகாகாது. 2020 செப்டம்பர் 21 முதல் விளைந்த நாட்டுச் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. விளைந்த இடம் பற்றிய விவரங்களை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகுக்கு 2018இலேயே கதவை அடைத்துவிட்டார்கள். பில்லில் பொய் விலை போடச் சொல்லும் தரகரை நம்பாதீர்கள்.

எங்கள் ஹோட்டலில் நேபாளப் பையன்கள் ஆறு பேர். ஊருக்குப் பணம் அனுப்ப நேர்வழி உண்டா? (கம்மனஹள்ளி)

உண்டு. நெஃப்ட் வசதியுள்ள வங்கிக் கிளையில் ‘இந்தோ-நேபாள் ரெமிட்டன்ஸ்’ என்று கேளுங்கள். கணக்கு இல்லாதவர் ரொக்கமாக ஒரு தடவைக்கு 50,000 ரூபாய், ஆண்டுக்கு 12 தடவை கட்டலாம். கணக்கிலிருந்து அனுப்பும் வரம்பு 2021 அக்டோபரில் 2 லட்சமாக உயர்ந்தது. பான், பாஸ்போர்ட் இல்லாதவருக்கு முதலாளி தரும் புகைப்படத்துடன் கூடிய அடையாளச் சான்றும் செல்லும்; லெட்டர்ஹெட்டில் ஆளுக்கொன்று எழுதிக் கொடுங்கள். 1993இலிருந்து ஒரு ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது மாறவில்லை. 10,000 கட்டினால் அங்கே 16,000, கட்டணம் போக. அதற்குக் கீழே விலை சொல்பவர் பணம் மாற்றவில்லை, எடுத்துக்கொள்கிறார்.