ஐந்து பேருக்கு ஒரு கேரவன்: பெர்த் கணக்கும் உறக்கக் கணக்கும்

அன்புள்ள சகோதரிக்கு,

பிரிட்டனுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்றும், விடுமுறைதோறும் விடுதி அறைகளுக்குச் செலவழிப்பதை விடக் காரின் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கி உறங்கக்கூடிய பழைய கேரவன் ஒன்றை வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள், ஆறடி உயரமுள்ள உங்கள் கணவர், எட்டு வயது மகன், நான்கு வயது மகள், கோடையில் வந்து தங்கவிருக்கும் முழங்கால் வலியுள்ள உங்கள் மாமியார் என மொத்தம் ஐந்து பேர். நீங்கள் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர். நான்கு பெர்த் போதுமா, ஆறு பெர்த் வேண்டுமா, பகலிலும் மடக்காமல் அப்படியே இருக்கும் நிரந்தரக் கட்டில் உள்ளதை வாங்குவது நல்லதா என்பதே உங்கள் கேள்வி. பதினைந்து ஆண்டுகளாகக் கேரவன் வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெர்த் என்ற எண்ணிக்கையைப் பற்றி. ரயிலில் பெர்த் என்றால் ஓர் ஆள் படுக்கும் பலகை. அதை எவருக்கும் ஒதுக்கலாம். கேரவனில் அந்த எண், உட்காரும் இருக்கைகளையெல்லாம் இரவில் படுக்கையாக மாற்றிய பிறகு எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. அந்தப் படுக்கைகளில் சில பெரியவர்களுக்கு நீளம் போதாதவை; சிலவற்றை விரித்துவிட்டால் உள்ளே உட்கார வேறு இடமே இருக்காது. ஆகவே எண்ணிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு, யார் முதலில் உறங்கப் போவார், யார் கடைசியில் எழுவார், நள்ளிரவில் யார் எழுந்து கழிவறைக்குப் போவார் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்ற உள்ளமைப்பு எது என்பது அந்தத் தாளிலிருந்தே தெளிவாகிவிடும்.

நாங்கள் முதலில் வாங்கிய கேரவனில் இந்தக் கணக்கைப் போடத் தவறினோம். அது நிரந்தரக் கட்டில் இல்லாத நான்கு பெர்த் வண்டி. முன்புறத்தில் எதிரெதிராக இரண்டு நீண்ட இருக்கைகளும், நடுவில் பக்கச் சுவரையொட்டி ஒரு சிறிய சாப்பாட்டு மேசையும் இருந்தன. முன்னிருக்கைகளை இணைத்தால் கிடைப்பதே அகலமான படுக்கை என்பதால், மரியாதை கருதி அதை என் தந்தைக்கு ஒதுக்கினோம். அவர் இரவு எட்டரை மணிக்கே உறங்கும் வழக்கமுள்ளவர். அவருக்குப் படுக்கை விரித்ததும் கேரவனின் உட்காரும் பகுதி முழுவதும் மறைந்துபோனது. எஞ்சிய நாங்கள் விளக்கையும் அணைத்துவிட்டு, மழை பெய்துகொண்டிருந்த அந்த ஒரு வாரமும் மாலை நேரங்களைக் காருக்குள் கழித்தோம். அவருக்கும் நிம்மதியில்லை, தன்னால் பிள்ளைகள் வெளியே இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் அவர் சரியாக உறங்கவேயில்லை. அந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: முன்னிருக்கைப் படுக்கை, கடைசியாக உறங்கி முதலில் எழுபவர்களுக்கு உரியது, நிரந்தரக் கட்டில், சீக்கிரம் உறங்கச் செல்பவர்களுக்கும் குனிந்து நிமிர முடியாதவர்களுக்கும் உரியது. பெரும்பாலான குடும்பங்களில் கணவனும் மனைவியும் நிரந்தரக் கட்டிலை எடுத்துக்கொண்டு, முதியவரை முன்னிருக்கையில் படுக்க வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் அதை மாற்றிச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, பின்புற மூலையில் நிரந்தர இரட்டைக் கட்டிலும், அதன் பக்கத்திலேயே கழிவறையும், நடுவில் பக்கவாட்டு மேசையும், முன்னே எதிரெதிர் இருக்கைகளும் உள்ள உள்ளமைப்பு. மூலையில் பொருத்தப்பட்ட அந்தக் கட்டிலை இங்கே பிரெஞ்சு பெட் என்பார்கள். அதன் ஒரு நீளப் பக்கம் சுவரை ஒட்டியிருக்கும். நடந்து போக வழி விடுவதற்காகக் கால்மாட்டின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும். சுவரோரம் படுப்பவர் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்பது அதன் பெரிய குறை. ஆனால் சுவரோரத்தில் நான்கு வயது மகளையும் வெளிப்புறத்தில் பாட்டியையும் படுக்க வைத்தால் அந்தக் குறையே வசதியாகிவிடுகிறது. குழந்தை உருண்டு விழாது. பாட்டி யாரையும் தாண்டாமல் காலைத் தரையில் ஊன்றி இரண்டு அடியில் கழிவறைக்குப் போய்விடலாம். வெட்டப்பட்ட மூலை உயரமானவர்களின் பாதத்தைத்தான் தொந்தரவு செய்யும். மாமியார் ஊர் திரும்பிய பிறகு அதே கட்டிலில் நீங்களும் கணவரும் உறங்கலாம். அப்போது அவர் சுவரோரம் படுத்துக்கொள்ளட்டும்.

எட்டு வயது மகனுக்குப் பக்கவாட்டு மேசைப் பகுதி போதும். மேசையைத் தாழ்த்தி மெத்தைகளை அடுக்கினால் ஒரு படுக்கை வரும்; சில வண்டிகளில் அதற்கு மேலே மடக்கி இறக்கக்கூடிய மேலடுக்குப் படுக்கை, அதாவது மேல் பங்க் ஒன்றும் இருக்கும். மேல் பங்க்கில் ஏற எந்தப் பிள்ளைக்கும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேலே படுக்க வைக்கக் கூடாது. மேல் பங்க் தாங்கும் எடையை அதன் மீதே குறித்திருப்பார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் கணவரும் முன்னிருக்கைகளில் உறங்க வேண்டும் என்று சொல்லும்போது அதை ஒரு தியாகமாக எண்ண வேண்டாம். எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள மரச்சட்டங்களை இழுத்து விரித்து, சாய்வு மெத்தைகளை இடைவெளியில் நிரப்பினால் கிடைக்கும் இரட்டைப் படுக்கை, வண்டியின் குறுக்காக அமைகிறது. கேரவனின் உள் அகலம் பொதுவாக இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், உங்கள் கணவரைப் போன்ற ஆறடி மனிதருக்கு, பிரெஞ்சு பெட்டை விட இங்கேதான் காலை நீட்ட அதிக இடம் இருக்கும். நீங்கள் இரவுப் பணி முடித்து, மறுநாள் உறக்க நேரம் தடம் புரண்டிருக்கும் நாட்களில், அதே இருக்கைகளை இணைக்காமல் இரண்டு தனிப் படுக்கைகளாகவும் வைத்துக்கொள்ளலாம். அப்படிப் படுக்க இருக்கையின் நீளம் போதுமானதாக இருக்க வேண்டும். சில வண்டிகளில் அது ஐந்தடி சொச்சத்திலேயே முடிந்துவிடும். விளம்பரத்தில் உள்ள அளவை நம்பாமல் அளவு நாடாவை நீங்களே கையில் எடுத்துச் செல்லுங்கள்.

இந்த முன் படுக்கையின் உண்மையான தொல்லை மெத்தைகளின் இணைப்புகள். இருக்கை மெத்தையின் விளிம்பு முழங்காலுக்குத் தாங்கலாகச் சற்று உயர்த்தித் தைக்கப்பட்டிருக்கும். படுக்கும்போது அந்த மேடு முதுகில் உறுத்தும். 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரை மெத்தை ஒன்றை மேலே விரித்தால் உறுத்தல் பெரும்பாலும் நீங்கிவிடும். பகலில் அதைச் சுருட்டிப் பாட்டியின் கட்டில் மீது வைத்துவிடலாம். நிரந்தரக் கட்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: ஐந்து பேரின் போர்வைகளையும் தலையணைகளையும் பகலில் வைக்க வேறு இடம் கிடையாது.

மற்ற உள்ளமைப்புகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று பக்கமும் நடக்க வழியுள்ள ஐலண்ட் பெட் இரண்டு பெரியவர்களுக்கு மிக வசதியானது; ஆனால் வண்டியின் நீளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதால் பிள்ளைகளுக்கு இடம் குறையும். நடுவே வழிவிட்டு இரண்டு தனி நிரந்தரக் கட்டில்கள் உள்ள வண்டி, வெவ்வேறு நேரத்தில் உறங்கி எழும் தம்பதிக்கு நான் முதலில் சொல்லக்கூடியது. ஐந்து பேருக்கு அல்ல. பின்புறம் பிள்ளைகளுக்கு நிரந்தர பங்க் பெட்டுகள் உள்ள வண்டியை உங்கள் நண்பர்கள் பலர் பரிந்துரைப்பார்கள். அது நல்ல அமைப்புத்தான். ஆயினும் அதில் பாட்டிக்கு மிஞ்சுவது குறுகலான கீழ்த் தட்டு அல்லது முன்னிருக்கை. பிள்ளைகள் எங்கே படுத்தாலும் உறங்கிவிடுவார்கள், முழங்கால் வலியுள்ளவரால் அது முடியாது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்கிறேன்.

இனி எடை. படுக்கைகள் கூடக் கூட வண்டியின் எடையும் கூடும். ஆறு பெர்த் வண்டிகள், சுமையோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையில் 1,500 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். புதிதாக இழுப்பவர்கள், கேரவனின் அந்த உச்ச எடை தங்கள் காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கே நெடுங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. 1,600 கிலோ எடையுள்ள காருக்கு அது 1,360 கிலோ. அது சட்டமன்று, எனினும் அதை மதித்து நடக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கார் எவ்வளவு இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் வரம்பு அதிலிருந்து வேறானது. அதை மீறுவது குற்றம். எனவே கேரவனைத் தேடும் முன் உங்கள் காரின் ஆவணங்களைப் பாருங்கள். இந்நாட்டில் கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்கள் 3,500 கிலோ வரையிலான இழுவை வண்டியைத் தனித் தேர்வின்றி இழுக்கலாம் என்ற விதி 2021 டிசம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உரிமம் அனுமதிக்கும் எடை வேறு, கார் தாங்கும் எடை வேறு.

கேரவன் ஓடும்போது அதற்குள் எவரும் இருக்கக் கூடாது. பாட்டிக்குக் கால் நீட்ட வசதியாக இருக்குமே என்று நினைத்துவிடாதீர்கள். அது சட்டவிரோதமும் பேராபத்தும் ஆகும். ஐந்து பேரும் காருக்குள்தான் வர வேண்டும். 12 வயது நிறையும் வரை அல்லது 135 சென்டிமீட்டர் உயரத்தை எட்டும் வரை பிள்ளைகளுக்குத் தனி இருக்கை தேவை என்பதால், இரண்டு குழந்தை இருக்கைகளுக்கு இடையில் பாட்டியை நெடுந்தூரம் உட்கார வைக்க முடியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். என் கருத்தில் அவரைக் காரின் முன்னிருக்கையில் அமர்த்திவிட்டு, உங்களில் ஒருவர் பின்னால் உட்காருவதே நல்லது.

நிரந்தரக் கட்டிலின் அடியில் பெரிய பெட்டி போன்ற இடம் இருக்கும். அதைக் கனமான பொருட்களால் நிரப்ப மனம் தூண்டும். கட்டில் வண்டியின் வால்பகுதியில் இருப்பதால், அங்கே பாரம் ஏறினால் ஓட்டத்தில் கேரவன் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். கனமானவற்றைச் சக்கர அச்சுக்கு அருகே தரையில் வைத்து, கட்டிலடியில் போர்வை, துணி போன்ற இலேசானவற்றை மட்டும் வையுங்கள்.

ஐந்து பேர் ஒரு சிறிய பெட்டிக்குள் மூச்சுவிட்டு உறங்கும்போது, வெளிச்சுவரை ஒட்டிய மெத்தையில் ஈரம் கோக்கும். காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்திக் காற்றாட விடுங்கள். குளிர் அடிக்கிறது என்று நிரந்தரக் காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை வாங்கும் நாளன்றே சோதியுங்கள். ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும் இந்த நாட்டில், இரவுப் பணி செய்து பகலில் உறங்கும் உங்களுக்குச் சன்னல் திரைகள் மிக முக்கியம். கூரைச் சாளரத்தின் திரையும் முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது பழுதாகியிருக்கலாம்.

வாங்கும் முன் குடும்பம் முழுவதும் டீலரிடம் செல்லுங்கள். மாமியார் வந்து சேரவில்லை என்றால் அவர் வரும் வரை பொறுத்திருங்கள். விற்பவர் படுக்கையை விரித்துக் காட்டுவதைப் பார்த்துத் திருப்தியடையாமல், நீங்களும் கணவரும் உங்கள் கைகளாலேயே எல்லாப் படுக்கைகளையும் விரியுங்கள். பிறகு ஐந்து பேரும் அவரவர் இடத்தில் பத்து நிமிடம் படுத்திருங்கள். அந்த நிலையில் மாமியாரை எழுந்து கழிவறைக்குப் போய் வரச் சொல்லுங்கள். யாரையும் எழுப்பாமல், எதையும் பிடித்துத் தடுமாறாமல் அவர் திரும்பி வந்து படுத்துவிட்டால், அந்த வண்டியின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.