அம்மாவின் கால்புண் கட்டு: கடிதம் வந்தவருக்கு

வணக்கம் சகோதரி. அடுத்த மாதத்திலிருந்து அம்மாவின் கால்புண்ணுக்குக் கட்டு மாற்ற முடியாது என்று உங்கள் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக் கடிதம் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவுக்கும் இதே நிலை வந்தது. பத்து நாள் கட்டு மாற்றாமல் விட்டதில் காலுறை நனைந்து புண்ணோடு ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான நீர் விட்டு விட்டுத்தான் எடுத்தோம். உங்கள் அம்மாவுக்கு அப்படி ஓர் இடைவெளி விழவே கூடாது.

அங்குள்ள தாதியரைக் கடிந்துகொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் பல பகுதிகளில் இந்த வேலை ஜி.பி.யின் அடிப்படை ஒப்பந்தத்தில் சேராது. அதற்குத் தனிப் பணம் வர வேண்டும். 2025 ஏப்ரலில் ஊழியர் சம்பளத்தின் மீது முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டுப் பங்கும் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. சிறிய கிளினிக்குகளுக்கு அது பெரும் சுமை.

ஆனால் மாற்று ஏற்பாட்டைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கடிதத்தின் நகலை இணைத்து, உங்கள் பகுதியின் ஐ.சி.பி.க்கு (உள்ளூர் மருத்துவச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்கும் வாரியம்) இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். "எந்தத் தேதியிலிருந்து, எங்கே, யார் கட்டு மாற்றுவார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அம்மாவால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது என்றால், வீட்டுக்கே வரும் மாவட்டத் தாதியருக்குப் பரிந்துரைக்கும்படி ஜி.பி.யிடம் சொல்லுங்கள். கட்டு வகை, சுற்றும் முறை எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வருபவருக்கு அது மிகவும் உதவும்.

இதற்கிடையில் புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் 111-ஐ (மருத்துவ உதவித் தொலைபேசி எண்) அழையுங்கள்.