கண்ணில் தண்ணீர் வடிகிறது, ஆனாலும் வறட்சியா?

கேள்வி: என் வயது 47. கரூரில் தையல் வேலை செய்கிறேன். ஆறு வருடமாக முடக்குவாதம் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைகளும், தும்மலுக்காக இரவில் செட்ரிசினும் சாப்பிடுகிறேன். ஒரு வருடமாகக் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல். காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. கண்கட்டி இரண்டு முறை வந்துவிட்டது. காற்று பட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஆனால் டாக்டர் இதைக் கண் வறட்சி என்கிறார். கடையில் வாங்கிப் போடும் சொட்டு மருந்து அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மூட்டு மாத்திரைதான் காரணமா? நிறுத்திவிடலாமா?

பதில்: மூட்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. உங்களுக்கு இருக்கும் உறுத்தலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது முடக்குவாதத்தைத்தான். மூட்டைத் தாக்கும் அதே எதிர்ப்புச் சக்தி கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கும். மாத்திரையை விட்டால் மூட்டோடு கண்ணும் சேர்ந்து மோசமாகலாம். ஆனால் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் கண்ணை உலர்த்தக்கூடியவை. அது தினமும் வேண்டுமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

தண்ணீர் கொட்டும்போது வறட்சி எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். கண்ணீரில் நீர் மட்டும் இல்லை, அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலமும் உண்டு. இமை விளிம்பில், முடிக்கு உள்பக்கமாக வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தருகின்றன. எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் காய்ந்து எரியும்போது கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டும். அதுவும் கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும்.

இமை ஒட்டுவதும் கண்கட்டி திரும்பத் திரும்ப வருவதும் இந்த எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டிருப்பதைத்தான் காட்டுகின்றன. பரிசோதனையில் இமை விளிம்பை லேசாக அழுத்துவோம். ஆரோக்கியமான இமையில் தெளிவான எண்ணெய் துளித்துளியாக வரும். அடைபட்ட இமையில் மார்கழிக் காலையில் உறைந்த தேங்காய் எண்ணெய்போல மஞ்சளாகக் கெட்டியாக வரும், சிலருக்கு ஒன்றுமே வராது. முடக்குவாதம்போல எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய் உள்ளவர்களில் பலருக்கு நீர்க்குறைவும் எண்ணெய்க்குறைவும் சேர்ந்தே இருக்கின்றன. சொட்டு மருந்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, இமையைக் கவனிக்காமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. உங்கள் சொட்டு மருந்து அரை மணி நேரம்கூடத் தாங்காததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைக்க வேண்டும். சூடு நிலைத்தால்தான் எண்ணெய் இளகும். அப்புறம் மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவி விளிம்பைத் துடையுங்கள். விரல் மூட்டு வலித்தால் வீட்டில் யாரையாவது செய்யச் சொல்லுங்கள். தினம் இரண்டு வேளை, பல வாரம் செய்தால்தான் பலன் தெரியும்.

செயற்கைக் கண்ணீரை ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால் பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது) இல்லாததாக வாங்குங்கள். அந்தச் சேர்மானமே கண்ணைப் புண்ணாக்கும். கடையில் கேட்டு வாங்கும் ‘சிவப்பு போக’ மருந்து ஸ்டீராய்டாக இருக்கலாம். டாக்டர் பார்வையில்லாமல் நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். தேவைப்பட்டால், கண்ணைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து எழுதித் தருவார்கள். முதலில் எரியும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதமும் ஆகலாம், பாதியில் விட்டுவிடாதீர்கள். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விட வேண்டாம். தைக்கும்போது ஊசியையே உற்றுப் பார்ப்பதால் இமைப்பது குறைந்துவிடும். மின்விசிறி முகத்தில் அடிக்காதபடி உட்கார்ந்து, நடுநடுவே கண்ணை முழுதாக மூடித் திறங்கள்.

வாயும் வறண்டு, தண்ணீர் இல்லாமல் இட்லிகூட இறங்காத நிலை உண்டா? பல் வேகமாகச் சொத்தையாகிறதா, காதுக்குக் கீழே வீக்கம் வருகிறதா? இருந்தால் மூட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். முடக்குவாதத்தோடு, எதிர்ப்புச் சக்தி கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரென் சிண்ட்ரோமும் சேர்ந்திருக்கலாம். இது பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வடிகட்டித் தாள் துண்டை இமையில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கும் ஷிர்மர் சோதனையில் 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ நனைந்தால் நீர்க்குறைவு அதிகம் என்று அர்த்தம். ஷோக்ரென் இருக்கிறதா என்று அறிய, ரத்தத்தில் ஆன்டி ரோ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் பரிசோதனையும் செய்வார்கள்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஆறு வருடமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதற்கு வேறொரு கவனிப்பு வேண்டும். அது நீண்ட நாளில் விழித்திரையைப் பாதிக்கக்கூடியது. ஐந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள் வருடம் ஒருமுறை, விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேனும், பார்வைப் பரப்பில் எங்காவது மங்கலாக இருக்கிறதா என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தூக்கத்தை எழுப்பும் அளவுக்கு ஆழமான கண் வலி, திடீர்ப் பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். முடக்குவாதத்தில் விழிவெண்படலம் அழற்சி அடையலாம், கருவிழி அரித்துப்போகவும் செய்யலாம். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய், முடக்குவாதம் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.