டெபியனில் ஓட்டுச் சண்டை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் சம்பளமும் இல்லை, முதலாளியும் இல்லை. அப்புறம் எதற்கு ஓட்டு?

பதில்: முதலாளி இல்லாததால்தான். தலைவரை வருடாவருடம் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 'இந்த வேலையை நீ செய்' என்று அவரால்கூட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 1998இல் ஏற்ற சாசனம் அப்படி.

கேள்வி: கணினி தொடங்கும்போது மற்ற நிரல்களைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டி டெபியனுக்கு வந்தது ஒரே ஒருவரின் ஓட்டால்தானாமே?

பதில்: பாதி உண்மை. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் எட்டு பேரில் சிஸ்டம்டிக்கு நாலு, அதன் போட்டி நிரலான அப்ஸ்டார்ட்டுக்கு நாலு. குழுத் தலைவர் பிடேல் கார்பி சாசனம் தந்த உரிமைப்படி சமநிலையை உடைத்தார். சண்டை அதோடு நிற்கவில்லை. ஒரே இனிட்டை (இப்படிக் கிளப்பிவிடும் நிரலை) மட்டும் நம்பி மென்பொருள் எழுதக்கூடாது என்று அதே குழுவில் இருந்த இயன் ஜாக்சன் பொதுத் தீர்மானம் (எல்லா டெவலப்பர்களும் ஓட்டுப் போடுவது) கொண்டுவந்தார். நவம்பரில் எண்ணிப் பார்த்தால், ஜெயித்தது 'இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை' என்ற தேர்வு! ஜாக்சன் குழுவிலிருந்து விலகினார். கோபம் ஆறாத சிலர் சிஸ்டம்டி இல்லாத தேவுவான் என்று தனிக்கடை போட்டார்கள்.

என்னைக் கேட்டால், அங்கே பாதிச் சண்டை சீட்டில் எந்த வாசகம் ஏறுகிறது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. ஆதரவுக்கு ஐந்து பேர் கிடைத்தால் எந்த டெவலப்பரும் சொந்தத் தேர்வைச் சேர்க்கலாம். சண்டையில் சலித்துப்போனவர்களுக்கும் அப்படித்தான் 'தீர்மானமே தேவையில்லை' என்று ஒரு வரி கிடைத்தது.

கேள்வி: தேர்வுகள் அதிகமானால் ஓட்டு பிரியாதா?

பதில்: பிரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார்கள். இரண்டிரண்டாக மோதவிட்டு எண்ணுகிறார்கள். கடைசியில் 'மேலே உள்ள எதுவும் வேண்டாம்' என்று ஒரு வரி உண்டு. நம்மூர் நோட்டா மாதிரி பல்லில்லாதது இல்லை. அதனிடம் தோற்ற தேர்வு அங்கேயே அவுட். சாசனத்தைத் திருத்த வேண்டுமென்றால் அதை மூன்றுக்கு ஒன்று கணக்கில் ஜெயிக்க வேண்டும்.

கேள்வி: யார் எதற்குப் போட்டார்கள் என்று தெரியுமா?

பதில்: தலைவர் தேர்தல் ரகசியம். பொதுத் தீர்மானங்களில் பெயரோடு வெளியிட்டார்கள். 2021இல், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் அதன் அறக்கட்டளைக் குழுவுக்குத் திரும்பியதைக் கண்டிப்பதா என்ற விவகாரம் வந்தபோது பெயர் வெளியே தெரிவது பலருக்கு உறுத்தியது. அந்த ஓட்டில் ஜெயித்தது 'அறிக்கை எதுவும் விடமாட்டோம்'. 2022இல் பெயரை மறைப்பதென்று அதற்கும் ஓட்டெடுத்தே முடிவு செய்தார்கள்.

கேள்வி: பத்துப் பேர் உள்ள எங்கள் திட்டத்துக்கும் இது சரிவருமா?

பதில்: வேண்டாம். பத்துப் பேர் ஒரு கூட்டம் போட்டுப் பேசிவிடலாம். நோட்டாவை மட்டும் பல்லோடு எடுத்துக்கொள்ளுங்கள்.