மாமா வீட்டு கம்ப்யூட்டர் அடிக்கடி ஆஃப்லைன் ஆகுது, ஸ்டேட்டிக் ஐபி வாங்கணுமா?

கேள்வி: சார், நான் பெங்களூர் ஒயிட்ஃபீல்டுல இருக்கேன், மாமாவும் அத்தையும் மல்லேஸ்வரத்துல. மாமாவோட பென்ஷன் வேலை, பில்லு, மெயில் எல்லாம் நான்தான் எனிடெஸ்க்ல இங்கேருந்தே பாத்துத் தரேன். கொஞ்ச நாளா பாதி நேரம் ஆஃப்லைன்னு காட்டுது, கனெக்ட் ஆனாலும் நடுவுல கட் ஆகுது. நெட்காரர் ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத நெட் விலாசம், போடுங்கன்றார், ஃப்ரெண்டு காசு கட்டி டீம்வியூவர் வாங்குன்றான். எதை வாங்குறது? நேர்ல போகணும்னா மெட்ரோல ஏறி மெஜஸ்டிக்ல மாறி, போயிட்டு வர அரை லீவு காலி.

பதில்: ரெண்டும் வேண்டாம், காசை உள்ள வைங்க.

எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் எல்லாத்துலயுமே மாமா மிஷின்தான் வெளிய இருக்கிற சர்வரைத் தேடிப் போய் காத்துட்டு நிக்கும், நீங்க அந்த சர்வர் வழியா அதைப் பிடிக்கிறீங்க, அதனால ஐபி மாறினா மாறிட்டுப் போகட்டும். ரவுட்டர்ல போர்ட் திறந்து, அதாவது வெளியேருந்து நேரா உள்ள வர ஒரு வாசல் வச்சு, விண்டோஸோட சொந்த ரிமோட் டெஸ்க்டாப்ப யூஸ் பண்றவங்களுக்குத்தான் ஸ்டேட்டிக் ஐபி உதவும். அப்படித் திறந்து வைக்கிறது திருடனுக்கு விலாசம் குடுக்கிற மாதிரி, அதுவும் போக விண்டோஸ் ஹோம் எடிஷன்ல அந்த வசதியே கிடையாது.

அடுத்த தடவை ஆஃப்லைன்னு காட்டும்போதே மாமாவுக்கு போன் போடுங்க. மவுஸை ஆட்டினா ஸ்கிரீன் முழிச்சு உடனே ஆன்லைன் வந்துச்சுன்னா ஸ்லீப்தான் வில்லன், பவர் செட்டிங்ஸ்ல ஸ்லீப்ப நெவர்னு வச்சிடுங்க, ஸ்கிரீன் அணையறது பரவால்ல, அது வேற. மிஷின் ஓடுது ஆனா ரவுட்டர்ல லாஸ் (LOS) லைட் சிவப்பா எரியுதுன்னா ஃபைபர் லைன்ல கோளாறு, நெட்காரர்கிட்ட அதைக் கேளுங்க, ஐபிய விக்கிற நேரத்துல அதைப் பாத்திருக்கலாம் அவரு. ராத்திரி அத்தை சுவிட்ச் போர்டுலயே எல்லாத்தையும் அணைச்சிடறாங்களான்னும் கேட்டுக்கோங்க, நம்ம வீடுகள்ல பாதி கேஸ் இதுதான்.

நடுவுல கட் ஆகுறதுக்கு வைஃபைய சந்தேகப்படுங்க. டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரோட பவர் மேனேஜ்மென்ட்ல கரண்ட் மிச்சம் பண்ண அதை ஆஃப் பண்ணலாம்னு ஒரு டிக் இருக்கும், எடுத்துடுங்க. அதைவிட ரவுட்டர்லேருந்து நேரா ஒரு லேன் கேபிள் இழுத்துட்டா நிம்மதி, எஸ்.பி. ரோட்டுல சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும்.

கரண்ட் போய் போய் வருதுன்னா ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்குறதுக்கு முன்னாடி ரவுட்டர் அடாப்டர்ல 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்ப்னு பாத்துட்டுப் போங்க, கடைக்காரர் எல்லாத்துக்கும் சேரும்னுதான் சொல்வார். டெஸ்க்டாப்னா பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் ஸ்கிரீன்) கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற செட்டிங் இருக்கும், அதை ஒரு தடவை நேர்ல போய்த்தான் போடணும். எனிடெஸ்க்கையும் டவுன்லோட் பண்ணி அப்படியே ஓட்டாம இன்ஸ்டால் பண்ணிடுங்க, இல்லன்னா அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆனதும் காணாமப் போயிடும்.

ஆளில்லாம கனெக்ட் ஆகுற பாஸ்வேர்டு நீளமா இருக்கட்டும். இந்த ஆப்ப வச்சு பேங்க் காசை உருவுறாங்கன்னு ரிசர்வ் பேங்க்கே 2019ல எச்சரிச்சிருக்கு, அதனால உங்க குரல் கேக்காம யார் சொன்னாலும் அக்செப்ட் அமுக்கக்கூடாதுன்னு மாமாகிட்ட சொல்லி வைங்க, ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க.

காசு செலவு பண்ணியே ஆகணும்னா, மாமா மிஷின் இன்னும் விண்டோஸ் 10தானான்னு பாருங்க, அதோட வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு. பென்ஷன் வேலை நடக்குற மிஷின், அங்க போடுங்க காசை.